என் அக்கியும் மணிக்கு வந்த அம்மாளும்

முதலில் எரிந்தது இடது விலா. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாய்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டு நின்றேன். ஏழாம் வாய்பாட்டின் நடுவில், மார்புக்குக் கீழே சுள்ளென்றது. சட்டையின் தையல் உரசுகிறதாக்கும் என்று இழுத்துவிட்டேன். உரசல் இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் தோலில் ஒரு சிவப்புக்கூட இல்லை. மிளகாய் அரைத்த கையை யாரோ தோலின் உள்பக்கமாக வைத்துத் தேய்ப்பது போலிருந்தது.

மூன்று நாள் அப்படியே போயிற்று. நாலாம் நாள் சிவந்தது. ஐந்தாம் நாள் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் குலைகுலையாகக் கிளம்பின. முதுகெலும்பில் தொடங்கி, விலாவைச் சுற்றி, மார்பின் நடுவில் வந்து நின்றன. இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கத்தில் ஒரு பருக்கூட இல்லை. அக்கி என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

இது இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது. அக்கி வந்து புரண்டுகொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அவர்களைவிட, அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறவர்களுக்காக எழுதுகிறேன். வருத்தத்தைப் பற்றி மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். என் குணத்தையும் சேர்த்து எழுதினால்தான் அது எப்படித் தொற்றியது என்பது விளங்கும். ஆகவே வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நான் என் தங்கச்சிமேல் பொறாமை பிடித்தவள்.

மனோன்மணி என்னைவிட ஐந்து வயது இளையவள். மணி என்றுதான் கூப்பிடுவோம். புத்தூரில் ஒரே வளவில் எங்கள் இருவருக்கும் இரண்டு வீடு சீதனம். நடுவில் கிணறு. என் கணவருக்கு மலாயாவில் புகையிரதப் பகுதியில் உத்தியோகம். மகனையும் படிப்புக்கென்று தன்னோடு கொண்டுபோய்விட்டார். எனக்கு மாதம் ஒரு கடிதம் வரும். மணியின் கணவர் சதாசிவம் புகையிலைத் தோட்டக்காரர். ஒவ்வொரு நாள் மத்தியானமும் சாப்பிட வீட்டுக்கு வருவார். வரும்போது சால்வையில் ஒரு வெள்ளரிப்பிஞ்சையாவது முடிந்துகொண்டு வருவார். அவர்கள் சிரிக்கிற சத்தம் கிணற்றைத் தாண்டி என் குசினிக்குள் வரும்.

போதாக்குறைக்கு, கல்யாணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகு அவள் அப்போது ஏழாம் மாதம். ஊரில் உள்ளவர்களெல்லாம் எதையாவது அவித்துக்கொண்டு அவளிடம் வந்தார்கள். என் வாசலைத் தாண்டித்தான் போவார்கள். போகிற போக்கில், "எப்பிடி டீச்சர், சுகமோ?" என்று ஒரு கேள்வி. நான் சுகமில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் கிணற்றடிக்குப் போயிருப்பார்கள்.

அவளுடைய முகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தழும்பில்லை, ஒரு புள்ளியில்லை. எனக்கு இடது புருவத்துக்கு மேலே இரண்டு குழி இருக்கிறது. ஒன்பது வயதில் கொப்புளிப்பான் வந்தபோது (உடம்பு முழுவதும் நீர்க்கொப்புளம் போடுகிற தொற்று நோய், அம்மாள் வருத்தம் என்றும் சொல்வோம்) நான் சொறிந்த இடம் அது. அப்போது மணிக்கு நாலு வயது. வாசலில் வேப்பிலை கட்டுவதற்கு முன்பே அவளை மாட்டுவண்டிலில் ஏற்றிச் சாவகச்சேரியில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகும் ஊரில் யாராவது அம்மாள் என்று வாயெடுத்தால் போதும், விடிகிறபோது அவள் வண்டிலில் இருப்பாள். அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த முகம்.

அக்கிக்கு எங்கள் பக்கத்தில் மருந்து கட்டுவதைவிட எழுதுவதுதான் வழக்கம். குயவர் குடும்பத்தைச் சேர்ந்த வள்ளியம்மை என்பவர் வந்தார். சிரட்டையில் காவியைக் கரைத்து, கோழியிறகால் தொட்டு, கொப்புளங்களைச் சுற்றிக் கோடிழுத்து, பிறகு மேலேயும் பூசினார். குளிர்ச்சியாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"மூண்டு நாளைக்கு எழுதோணும், அம்மா. குளிக்கப்படாது. தலையும் வாலும் சந்திக்க விடப்படாது," என்றார் வள்ளியம்மை. அக்கி பாம்பைப் போல உடம்பைச் சுற்றும், சுற்றி முடித்தால் ஆள் தப்பாது என்பது ஊரின் நம்பிக்கை.

"தொத்துமோ?" என்று மணி வாசற்படியில் நின்று கேட்டாள்.

"சீச்சீ! இது சூட்டு வருத்தம். ஆருக்கும் தொத்தாது, பிள்ளை."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் முழுக்க அப்படித்தான் நம்பியது. அம்மாள் வந்த வீட்டு வாசலில் வேப்பிலையைக் கண்டால் நூறடி தள்ளி நடக்கிற சனம், அக்கி வந்தவளின் பாயில் உட்கார்ந்து வெற்றிலை போடும். நானும் அப்படி நம்பியவள்தான்.

மறுநாள் வள்ளியம்மை வரவில்லை. மயிலிட்டியில் உறவுக்குள் செத்தவீடு என்று சொல்லியனுப்பியிருந்தார். காவி காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மணி கஞ்சி கொண்டுவந்தாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அந்த நடையைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அந்தக் குணம் வந்ததோ தெரியாது.

"மணி, காவி உதிர்ந்துபோச்சு. நீ எழுதிவிடு."

"நானோ? எனக்கு உது தெரியாதக்கா."

"வள்ளியம்மை இழுத்த கோட்டுக்கு மேலாலை இழுக்கிறதுக்கு என்ன தெரியவேணும்? தலையும் வாலும் சந்திச்சால் பிறகு இந்த வளவிலை நீ தனியத்தான் இருப்பாய்."

"விசர்க்கதை கதையாதை," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். "இறகு எங்கை?"

"எனக்கென்ன தெரியும்? அந்த மூலையிலை பார்."

இறகு என் தலையணைக்குக் கீழே இருந்தது. அவள் வருகிற சத்தம் கேட்டதும் நான்தான் வைத்தேன். அவள் குனிந்து நிமிர்ந்து தேடிப் பார்த்துவிட்டு, சுட்டுவிரலைக் காவியில் தொட்டாள்.

விரல் பட்டு மூன்று நாலு கொப்புளம் உடைந்தது. நீர் வழிந்து காவியோடு கலந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அழகான முகம் என் உடம்பைக் கண்டு ஒருமுறை சுளிக்கவேண்டும். சுளித்தால் அதைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு வருடத்துக்குப் பேசுவேன். அதற்காகத்தான் இவ்வளவும். பாவி, அவள் சுளிக்கவில்லை! நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, கோலம் போடுகிறவளைப் போல நிதானமாக எழுதினாள். எழுதி முடித்து விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனாள். அடுத்த நாளும் வந்து எழுதினாள்.

பத்துப் பதினொரு நாளில் கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டின. நோ மட்டும் போகவில்லை. சேலை பட்டால் உயிர் போயிற்று. கடைசியில் பஸ் ஏறிச் சாவகச்சேரிக்குப் போனேன். அங்கே கொழும்பில் படித்துவிட்டு வந்த டொக்டர் ஒருவர் சொந்தமாக மருந்துச்சாலை வைத்திருந்தார். அவர் பொருக்கைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி எனக்குச் சம்பந்தமில்லாததாகப் பட்டது.

"சின்ன வயதிலை கொப்புளிப்பான் வந்ததோ, அம்மா?"

"ஓம், ஒன்பது வயதிலை. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அதுதான் இது," என்றார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். கொப்புளிப்பான் மாறினாலும் அதன் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்புக்கு அருகே நரம்பு முடிச்சுகளுக்குள் (நரம்புகள் கிளைவிடுகிற இடம்) போய்ப் படுத்துக்கொள்கிறது. வருடக்கணக்காகக் கிடக்கும். உடம்பு தளர்ந்த ஒரு நேரத்தில் எழும்பி, அந்த ஒரு நரம்பு வழியே தோலுக்கு வரும். அதனால்தான் ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாகப் போடுகிறது. நரம்பு நடு உடம்போடு நின்றுவிடுவதால் தலையும் வாலும் சந்திப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அக்கியிலிருந்து மற்றவருக்கு அக்கி தொற்றாது. ஆனால் அந்தக் கொப்புளத்து நீர், கொப்புளிப்பான் ஒருநாளும் வராத ஒருவரின் கையில் பட்டால், அவருக்குக் கொப்புளிப்பான் வரலாம். பொருக்குத் தட்டும்வரை துணியால் மூடி வைக்கவேண்டும், மற்றவர்கள் தொடக்கூடாது. கொப்புளிப்பான் வந்தவரிடமிருந்தோ மூச்சாலும் இருமலாலும்கூடப் பரவும், அதுவும் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே.

"எல்லா வைத்தியர்மாரும் இதை ஒத்துக்கொள்ளயில்லை," என்றார் டொக்டர். "நான் கண்ணாலை கண்டிருக்கிறன். அக்கிக்காரர் இருந்த வீட்டிலை ரெண்டு கிழமை கழிச்சுப் பிள்ளையளுக்குக் கொப்புளிப்பான் போடும். உங்கடை வீட்டிலை கொப்புளிப்பான் வராத ஆக்கள் இருக்கினமோ? கைக்குழந்தை, பிள்ளைத்தாய்ச்சி?"

"இல்லை," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டிருக்கிறேன். பயம் பாதி. மற்றப் பாதி இதுதான்: என் வருத்தத்தைக் காட்டப் போன இடத்திலும் ஐந்து நிமிடத்தில் பேச்சு மணியிடம் போய்விட்டதே என்ற ஆத்திரம். நான் நோவில் துடிக்கிறேன், டொக்டர் என் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியை விசாரிக்கிறார்! திரும்பி வருகிற பஸ்ஸில் நாட்களை எண்ணினேன். அவள் விரல் பட்டுப் பத்து நாளாகியிருந்தது. வீட்டுக்கு வந்தும் நான் வாய் திறக்கவில்லை.

அதற்கு ஐந்தாம் நாள் மணிக்குக் காய்ச்சல். மறுநாள் கழுத்திலும் முதுகிலும் கொப்புளங்கள். அதற்கு அடுத்த நாள் உள்ளங்கையையும் விடவில்லை, அந்த முகத்தையும் விடவில்லை.

வளவின் படலையில் வேப்பிலை கட்டினார்கள். மீன் சட்டி ஏறவில்லை, தாளிப்பில்லை. சதாசிவம் அவள் படுத்திருந்த அறை வாசலில் கை கூப்பிக்கொண்டு நின்றார். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அம்மாள் என்ன கேக்கிறா? இளநீர் குடிக்கிறாவோ?" என்றுதான் கேட்டார்கள். படலைக்கு வெளியே நின்று சனம் கும்பிட்டுவிட்டுப் போயிற்று.

இதையும் எழுதுகிறேன். அந்த நிலையிலும் எனக்கு வயிறெரிந்தது. அதே கிருமிதானே! எனக்கு வந்தால் சூட்டு வருத்தம், அவளுக்கு வந்தால் தெய்வம். இருபத்தெட்டு வருடம் அந்த அம்மாள் என் முதுகெலும்புக்குள் குடியிருந்தாள். ஒருவராவது என்னைக் கும்பிட்டார்களா? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு அவளுக்கு வேப்பிலையால் விசிறினேன். எங்கள் வளவில் கொப்புளிப்பான் வந்து மாறிய பெண் நான் ஒருத்திதான் என்பதால் பக்கத்தில் இருக்கிற வேலை எனக்கு வந்திருந்தது. சதாசிவத்துக்கும் சின்ன வயதில் வந்ததுதான். ஆனால் அவர் பயத்தில் அறைக்குள் கால் வைக்கவில்லை.

கொப்புளம் போட்ட நாலாம் நாள் மத்தியானம் அவள் இருமத் தொடங்கினாள். பின்னேரம் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல மூச்சு போதவில்லை. "அக்கா... நெஞ்சுக்கை... அடைக்குது," என்றாள். உதடு கறுத்திருந்தது. என் பொறாமை அவ்வளவும் எங்கே போயிற்றோ தெரியாது. கிணற்றடிக்கு ஓடினேன்.

"சதாசிவம், நீர் உடனை சாவகச்சேரிக்குப் போய் டொக்குத்தரைக் கூட்டிக்கொண்டு வாரும்."

"என்ன மச்சாள் கதைக்கிறியள்? அம்மாள் குடியிருக்கிற வீட்டுக்கை ஊசியோடை டொக்குத்தரை விடுறதோ? அவ கோபிச்சால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை."

"அவளுக்கு வந்தது என்ரை அக்கி."

அவர் விளங்காமல் பார்த்தார்.

"என்ரை அக்கித் தண்ணி அவளின்ரை விரலிலை பட்டது. நான்தான் படவைச்சனான். எழுதச் சொன்னதும் நான், இறகை ஒளிச்சதும் நான். டொக்குத்தர் கேட்டார், வீட்டிலை பிள்ளைத்தாய்ச்சி இருக்கோ எண்டு. இல்லையெண்டு பொய் சொன்னதும் நான்தான். அம்மாள் கோபிக்கிறதெண்டால் என்னைக் கோபிக்கட்டும். போம்!"

சதாசிவம் கையை ஓங்கினார். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். ஓங்கிய கையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்.

டொக்டர் தன் காரில் வந்தார். வேப்பிலையை அவர் கழற்றச் சொல்லவில்லை. "அது இருக்கட்டும், அதாலை ஒரு பிழையுமில்லை. மூச்சைத்தான் பாக்கோணும்," என்றார். கொப்புளிப்பான் நுரையீரலுக்கு இறங்கியிருந்தது (வளர்ந்தவர்களுக்கு, அதிலும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு, இந்த ஆபத்து கூட). ஆசுபத்திரிக்கென்று வண்டியில் குலுக்கிக்கொண்டு போக வேண்டாம் என்றார். தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி வைக்கவும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கவும், மூச்சை எண்ணவும் காட்டித் தந்தார். வேறு மருந்தென்று பெரிதாக ஒன்றும் அப்போது இல்லை. வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னார்:

"பிள்ளை இப்ப பிறக்கப்படாது, அம்மா. இந்தக் கிழமைக்கை பிறந்தால் தாயின்ரை வருத்தத்தோடை பிறக்கும். சின்ன உடம்பு அதைத் தாங்காது."

நான் அன்றைக்குச் சொன்ன பொய்யைப் பற்றி அவர் கேட்கவில்லை. முன்னமே சொல்லியிருந்தால் வருத்தத்தைத் தடுத்திருக்க முடியுமா என்று நானே கேட்டேன். "தடுத்திருக்கேலாது. ஆனா முதல் நாளே நான் வந்திருப்பன்," என்றார். அந்தப் பதில் இப்போதும் என்னோடு இருக்கிறது.

மூன்று நாள் அவள் மூச்சை எண்ணினேன். சுவர்மணிக்கூடு மணியின் வீட்டில்தான் இருந்தது. அதுவும் அவளுக்கு வந்த சீதனம் என்று முன்பெல்லாம் எரிவேன். ஒரு நிமிடத்துக்கு நாற்பது மூச்சு, முப்பத்தெட்டு, மறுபடி நாற்பது. ஒருமுறை வயிறு இறுகியது. நான் அவள் வயிற்றில் கை வைத்து, உள்ளே இருந்ததோடு கதைத்தேன்: "இப்ப வராதை. இன்னும் கொஞ்சம் பொறு, என்ரை ராசாத்தி." அது பொறுத்தது. நாலாம் நாள் இருபத்தாறுக்கு இறங்கி, அவள் பசிக்குது என்றாள்.

பொருக்கு உதிர்ந்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் வார்த்த நாளில் நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலை துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"இறகு தலையணைக்குக் கீழை இருந்தது எனக்குத் தெரியும். நுனி வெளியிலை தெரிஞ்சது," என்றாள்.

"பிறகேனடி விரலாலை எழுதினனி?"

"உனக்கு வருத்தமெண்டால் என்னை வண்டிலிலை ஏத்திப்போடுவினம். அம்மா உன்னோடை நிப்பா. இருபது நாள் உன்னோடை மட்டும். நான் சின்னம்மா வீட்டுப் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுவன். எனக்கு உன்னிலை எவ்வளவு பொறாமை தெரியுமோ, அக்கா? அண்டைக்குத்தான் முதல் முதல் உன்னைத் தொடச் சொன்னனி. நான் இறகையோ தேடுவன்?"

எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். முதலில் வந்தது கோபம். பொறாமை ஒன்றுதான் எனக்கென்று தனியாக இருந்தது. அதிலும் பங்குக்கு வந்துவிட்டாளே! பிறகுதான் அழுதேன்.

பங்குனியில் பெண் பிள்ளை பிறந்தது, உடம்பில் ஒரு புள்ளியில்லாமல். மணியின் முகத்தில் பதினொரு தழும்பு. எண்ணியிருக்கிறேன். சதாசிவம் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை, பிறகு பேசினார்.

அக்கியின் நோ எனக்கு இரண்டு வருடம் இருந்தது. உங்களுக்கும் இருக்கலாம், பயப்படவேண்டாம், மெல்ல மெல்லக் குறையும். தளர்ந்த சட்டை போடுங்கள், கொப்புளத்தை மூடி வையுங்கள். காவி எழுதுவதானால் முன்னமே கொப்புளிப்பான் வந்து மாறியவர் எழுதட்டும், இறகால் எழுதட்டும். பிள்ளைத்தாய்ச்சியையும் கைக்குழந்தையையும் கிட்ட விடாதீர்கள். டொக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் இப்போதும் இடது விலாவில் ஊறலெடுக்கும். முன்பு என் உடம்பு எனக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். ஒன்பது வயது உள்ளே அப்படியே கிடந்திருக்கிறது. போன காலம் என்று ஒன்று உடம்புக்குக் கிடையாது போலும்.

மணிக்குள்ளும் இப்போது அது படுத்திருக்கிறது. நான் வைத்தது. எனக்கு எழும்ப இருபத்தெட்டு வருடம் எடுத்தது. அவளுக்கும் அவ்வளவென்றால் அவளுக்கு அறுபது வயதாகும், எனக்கு அறுபத்தைந்து. இன்னும் பிந்தலாம், வராமலே விடலாம் என்கிறார் டொக்டர். வராமல் விடட்டும். வந்தால், நான் இருப்பேனோ தெரியாது. அவளுக்குப் பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்து விசிறுவார்கள். எரியுது என்று அவள் அவர்களிடம்தான் சொல்லுவாள். யாரென்றே தெரியாத அந்த ஆளின்மேல் எனக்கு இப்போதே பொறாமையாக இருக்கிறது.